உணர்ச்சியும் அதன் நிலைக்களனும்: தென் எல்லைப் போராட்ட மேடையை முன்வைத்து

அவையோரின் உள்ளத்தைச் சொல்லால் அசைத்து ஒரு முடிவுக்கு இணங்கச் செய்வதே மேடைப் பேச்சின் பயன் என்றும், அதற்கு உணர்ச்சியைத் தொட்டுப் பேசுவதே விரைவான வழி என்றும் பேச்சுக்கலை பயிற்றுவோர் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். இக்கருத்தோடு மற்றொரு கருத்தும் ஒட்டிக்கொண்டே வருகிறது. அறிவை நோக்கிப் பேசுவது நேர்மை, உணர்ச்சியை நோக்கிப் பேசுவது சூழ்ச்சி என்பதே அது. முதற்கருத்தில் பெரும்பகுதி உண்மை உண்டு; இரண்டாவது கருத்து ஆராய்ந்து தள்ளத்தக்கது. அழுகையோ வெகுளியோ அச்சமோ காரணமின்றி எழுவதில்லை ஆதலால், கேட்போரை அழவோ சினக்கவோ அஞ்சவோ செய்யும் பேச்சு ஒவ்வொன்றும் உலக நிலையைப் பற்றி ஏதோ ஒரு செய்தியை உள்ளடக்கியிருக்கிறது. அச்செய்தி மெய்யா பொய்யா என்று சோதிக்க இடம் தரும் பேச்சு நேர்மையானது, அவ்விடத்தை அடைத்துவிடும் பேச்சு நேர்மையற்றது. திருவிதாங்கூர்த் தமிழர் 1945 முதல் 1956 வரை நடத்திய எல்லைப் போராட்டம் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் களமாகும்; அப்போராட்டத்தின் முடிவில் எல்லைக்கோட்டின் கேரளப் பக்கத்தில் நின்றுவிட்ட காரோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி ஊர்களிலிருந்து அதைப் பார்ப்பது கூடுதல் விளக்கம் தரும்.

மெய்ப்பாடும் நிலைக்களனும்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி கண்ணீராகவும் மெய்சிலிர்ப்பாகவும் குரல் நடுக்கமாகவும் உடலில் புலப்படுவதைத் தமிழ் இலக்கணம் மெய்ப்பாடு என்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுப்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வொன்றும் எவ்வெவற்றை இடமாகக் கொண்டு பிறக்கும் என நான்கு நான்காக முப்பத்திரண்டு நிலைக்களன்களையும் எண்ணித் தருகிறது. நிலைக்களன் என்பது ஓர் உணர்ச்சி ஊன்றி நிற்கும் அடித்தளம். அழுகை பிறரால் இகழப்படும் இளிவிலிருந்தும், உற்றாரையும் உடைமையையும் பறிகொடுக்கும் இழவிலிருந்தும், முன்பிருந்த நிலை கெட்டுத் தாழும் அசைவிலிருந்தும், வறுமையிலிருந்தும் பிறக்கும். வெகுளியோ உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அடித்து அலைத்தல், கொலை ஆகிய நான்கிலிருந்து பிறக்கும். இலக்கிய நுகர்ச்சிக்காக வகுக்கப்பட்ட இப்பகுப்பு மேடைப் பேச்சுக்கும் பொருந்துகிறது. ஏனெனில், சினமூட்டும் ஒரு பேச்சைக் கேட்டவர், அறுக்கப்பட்டது யாது, நலிவுற்ற குடி எது, அலைத்தவர் யார், கொல்லப்பட்டவர் யார் என்று கேட்கும் உரிமையை இப்பகுப்பு அவருக்கு வழங்கிவிடுகிறது.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் சொற்கலை நூலில் இதனை ஒத்த முடிவுக்கே வந்தார். இணங்கச் செய்யும் வழிகளைப் பேசுவோரின் நன்னடத்தையால் விளையும் நம்பிக்கை, கேட்போரிடம் எழுப்பப்படும் உணர்ச்சி, சொல்லப்படும் தருக்கம் என மூன்றாகப் பகுத்த அவர், அந்நூலின் இரண்டாம் பகுதியில் சினம், இரக்கம், அச்சம் முதலியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, எந்த மனநிலையில் உள்ளோருக்கு, யார்மீது, எக்காரணத்தால் அவ்வுணர்ச்சி எழுகிறது என்று ஆராய்கிறார். உணர்ச்சியை அறிவுக்குப் பகையாக ஒதுக்காமல், காரணம் கூறத்தக்க ஒன்றாக வைத்து விளக்கியதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

சங்க அவையிலிருந்து ஒரு சான்று

இக்கொள்கை நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதற்குப் புறநானூற்றின் நாற்பத்தாறாம் பாட்டு நல்ல சான்று. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் சிறுமக்களை யானைக் காலில் இட்டுக் கொல்ல முற்பட்டபோது, புலவர் கோவூர்கிழார் அவ்வவையில் நின்று பேசி அவர்களை உய்வித்தார் எனப் பாட்டின் பழைய குறிப்பு தெரிவிக்கிறது. அவர் முதலில் மன்னனுக்கு அவன் குலத்தை நினைவூட்டுகிறார். புறாவின் துயரைத் துடைத்தவன் வழிவந்தோன் நீ என்பது அதன் கருத்து. அடுத்து, இச்சிறுவர் புலவர்தம் வறுமைக்கு அஞ்சித் தம் உணவையும் பகிர்ந்தளித்த குடியினர் எனக் காரணம் காட்டுகிறார். அதன் பின்னரே கண்முன் நிற்கும் காட்சிக்கு வருகிறார். அதுவரை அழுதுகொண்டிருந்த குழந்தைகள், யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, புதிய மன்றத்தை மருண்டு பார்க்கின்றனர். இறுதியில், கேட்டனை ஆயின் நீ விரும்பியதைச் செய்க என்று முடிவை மன்னனிடமே விட்டுவிடுகிறார்.

இரக்கத்தைத் தூண்டும் பேச்சுகளில் இதற்கு இணையானவை அரிது. எனினும் இதில் ஒரு மிகைச்சொல்லும் இல்லை. குழந்தைகள் கதறுவதாகப் புலவர் கூறவில்லை. அழுகையை நிறுத்திவிட்டனர் என்றே கூறுகிறார். தம் முடிவை அறியாத குழந்தைமையே கேட்போர் நெஞ்சைப் பிளக்கிறது. சிறுவர்கள் அவையில் நேரே நிற்பதால், அவர் கூறும் ஒவ்வொன்றையும் மன்னன் தன் கண்ணால் சரிபார்த்துக்கொள்ள முடியும். முடிவெடுக்கும் உரிமையும் அவனிடமிருந்து பறிக்கப்படவில்லை. உணர்ச்சி, அதன் நிலைக்களன், கேட்போரின் உரிமை ஆகிய மூன்றும் ஒருங்கே நிற்பதால் இது இரந்து நிற்கும் பேச்சாகாமல் வழக்குரையாக உயர்கிறது.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையும் இவ்வகையினதே. தலைவிரி கோலத்தோடும் கண்ணீரோடும் வந்த கண்ணகிக்கு அக்கோலம் பாண்டியன் அவையில் செவி பெற்றுத் தந்தது. தீர்ப்பைப் பெற்றுத் தந்ததோ, அரசியின் சிலம்பில் இருப்பது முத்து ஆக, தன் சிலம்பில் மாணிக்கம் இருப்பதை உடைத்துக் காட்டிய சான்று. கண்ணீர் மட்டும் இருந்திருப்பின் கள்வனைக் கொன்றது அரச நீதி என்ற மறுமொழியோடு வழக்கு முடிந்திருக்கும். மாணிக்கப் பரல் மட்டும் இருந்திருப்பின் வாயிற்காவலன் அவளை உள்ளே விட்டிருப்பான் என்பதும் ஐயமே.

நெய்யாற்றின்கரை வட்டத்தில் முன்னோடிகள்

எல்லைப் போராட்டம் தொடங்குவதற்கு முன்பே, காரோடு அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் உணர்ச்சியால் மக்களை இணங்கச் செய்த இரு பெரு நிகழ்ச்சிகளைக் கண்டிருந்தது. நாராயண குரு 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று, நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லை அருவிப்புரத்தில் சிவலிங்கமாக நிறுவினார். பிறப்பால் அவ்வுரிமை மறுக்கப்பட்ட ஒருவர் அதைச் செய்தது, கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களிடம் தொல்காப்பியம் கூறும் பெருமிதத்தை எழுப்பியது. அங்கே பொறிக்கப்பட்ட வாசகமும் யாரையும் பழிக்கவில்லை. சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறப்புகளாக வாழும் இடம் என்ற பொருளையே அது அறிவித்தது.

அதே வட்டத்தில் 1878இல் பிறந்த சுதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் மௌலவி நடத்திய ‘சுதேசாபிமானி’ இதழின் ஆசிரியராக இருந்து, திவான் இராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கடுமையாகச் சாடியும் எள்ளியும் எழுதினார். அரசு 1910 செப்டம்பரில் அச்சகத்தைப் பறிமுதல் செய்து அவரை நாடு கடத்தியது. 1916இல் கண்ணூரில் அவர் மறைந்தார். எள்ளலை நகையின் நிலைக்களன்களுள் முதலாவதாகத் தொல்காப்பியம் வைத்திருப்பதை எண்ணும்போது, அரசு அஞ்சியது அவர் சினத்துக்கா, அவர் கிளப்பிய சிரிப்புக்கா என்ற ஆராய்ச்சிக்கு இடமுண்டு.

எல்லைப் போராட்டத்தின் மேடை

நாகர்கோவிலில் 1945ஆம் ஆண்டு இறுதியில் உருவான தமிழர் அமைப்பு அடுத்த ஆண்டிலேயே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற பெயரைப் பெற்றது. வழக்கறிஞர் நேசமணி 1947இல் அதில் இணைந்து அதன் தலைமைக்கு உயர்ந்தார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய வட்டங்களின் தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்பது அவ்வமைப்பின் கோரிக்கை. தாய் என்ற சொல் அக்கோரிக்கையின் உயிர். மறுபுறத்தில் ஐக்கிய கேரள இயக்கமும் தாய்நாட்டையும் தாய்மொழியையுமே முன்னிறுத்தியது. நாஞ்சில் நாட்டு நெல் வயல்களை இழந்தால் சோற்றுக்கு என்ன செய்வது என்ற அச்சமும் அங்கே எழுப்பப்பட்டது. ஒரே உருவகத்தை இரு தரப்பும் கையாண்டபோது, அவ்வுருவகத்தால் மட்டும் எத்தரப்பின் நியாயத்தையும் நிறுவ இயலாமற்போனது. நிலைக்களன்களைத் தேடியே வழக்கை எடைபோட வேண்டியிருந்தது.

அந்நிலைக்களன்கள் மொழியோடு முடியவில்லை. தென் திருவிதாங்கூரின் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1820களில் தொடங்கிய போராட்டம் 1859இல் உத்திரம் திருநாள் மன்னரின் அறிவிப்புக்குப் பின்னரே ஓரளவு தணிந்தது. சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட நினைவு கல்குளம், விளவங்கோடு ஊர்களில் தலைமுறை கடந்தும் வாழ்ந்தது. நேசமணியைப் பற்றிக் குமரி மாவட்டத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று இதனோடு இணைந்தது. நாகர்கோவில் நீதிமன்றத்தில் உயர்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலியும் ஏனையோருக்கு முக்காலியும் இடப்பட்டிருந்த காலத்தில், அம்முக்காலிகளை அவர் அப்புறப்படுத்தி அனைவருக்கும் நாற்காலி போடச் செய்தார் என்பது அச்செய்தி. மேடையில் தமிழர் தன்மானம் என்று பொதுவாகச் சொல்வதற்கும், சட்டம் படித்தவர் ஒருவருக்கு முக்காலி இடப்பட்டது என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டிலேயே அவ்வியக்கத்தின் வலிமை இருந்தது. முக்காலி காணத்தக்கது, எந்த அறையில், யாருக்கு, யாரால் என்று கேட்கத்தக்கது. தொல்காப்பியம் அழுகைக்குக் கூறிய இளிவும் வெகுளிக்குக் கூறிய குடி நலிதலும் அம்முக்காலியில் ஒருங்கே அமர்ந்திருந்தன.

பட்டம் தாணு பிள்ளை தலைமையில் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை 1954 மார்ச்சில் பொறுப்பேற்றபின் போராட்டம் தீவிரமடைந்தது. மூணாறில் நடந்த சத்தியாக்கிரகத்தில், அதாவது அறவழியில் தடையை மீறிச் சிறைபுகும் போராட்டத்தில், நேசமணி கைதானார். ஆகஸ்டு 11ஆம் நாள் தமிழர் விடுதலை நாளாக அறிவிக்கப்பட்டது. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். கொலை என்னும், வெகுளியின் நான்காம் நிலைக்களனும் அன்று மெய்யாகிவிட்டது. அதன் பிறகு அவ்வியக்கத்தின் மேடைகளில் மொழி, இழிவு ஆகியவற்றோடு தியாகிகளின் பெயர்களும் ஒலித்தன.

இறந்தோர் பெயரால் எழும் உணர்ச்சி எல்லையையும் கட்சியையும் கடந்து செல்லும் என்பதற்கு அதன் பின்விளைவே சான்று. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த இராம் மனோகர் லோகியா, அப்போது சிறையில் இருந்தபடியே, தம் சொந்தக் கட்சியின் அமைச்சரவை இத்துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பேற்று விலக வேண்டும் என்று கோரினார். அமைச்சரவை விலகவில்லை, கட்சிக்குள் எழுந்த பூசல் அடுத்த ஆண்டு அக்கட்சி பிளவுபடுவதற்கு ஒரு காரணமாயிற்று. லோகியாவுக்குத் தமிழ் தாய்மொழி இல்லை. மக்கள்மீது சுடும் அரசு தன்னைச் சோஷலிச அரசு என்று அழைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்குத் தாய்மொழி தேவைப்படவும் இல்லை.

ஆணையத்தின் முன் உணர்ச்சி

மேடையில் பொங்கிய உணர்ச்சி, 1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் முன் வேறு வடிவம் எடுக்க வேண்டியதாயிற்று. பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவரைக் கொண்ட அவ்வாணையம் மக்கள்தொகைக் கணக்கு, நிலத் தொடர்ச்சி, நிர்வாக வசதி, பொருளாதாரம் ஆகியவற்றைக் கேட்டது. இயக்கத்தார் கோரிக்கையை மனுவாகவும் எண்களாகவும் முன்வைத்தனர். 1955 செப்டம்பர் 30இல் அளிக்கப்பட்ட அறிக்கை, தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கோடு செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையினராக இருந்தும், அவர்களுள் பலர் தோட்டங்களுக்குக் குடிபெயர்ந்து வந்த தொழிலாளர் என்பதையும் மலைவளத்தின் பொருளாதார முக்கியத்துவத்தையும் கருதி, அவ்வட்டமும் பீர்மேடும் கேரளத்தோடு நிறுத்தப்பட்டன. நெய்யாற்றின்கரை வட்டத்தை முழுமையாக எடுத்துக்கொண்டால் தமிழர் சிறுபான்மையினர் ஆதலால் அதுவும் கேரளத்திலேயே நின்றது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தபோது, களியக்காவிளை ஒரு மாநிலத்திலும் பாறசாலையும் காரோடும் மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன.

இம்முடிவு உணர்ச்சிப் பேச்சின் ஆற்றலையும் எல்லையையும் சேர்த்தே காட்டுகிறது. மேடைகள் இல்லாதிருப்பின் தென்கோடியின் நான்கு வட்டங்களின் வழக்கு தில்லியின் செவிக்கு எட்டியிருக்குமா என்பது ஐயம். ஆயினும் எட்டிய வழக்கின் தீர்ப்பு கணக்கைக் கொண்டே எழுதப்பட்டது. அக்கணக்கின் அலகு ஊராக இல்லாமல் வட்டமாக இருந்ததால், எல்லையோர ஊர்களில் தமிழ் பேசியோரின் உணர்ச்சி அதில் பதிவாகவே இல்லை. கண்ணகியின் கண்ணீரும் மாணிக்கப் பரலும் சேர்ந்து வேண்டப்பட்டதைப் போல இங்கும் இரண்டும் வேண்டப்பட்டன. காரோட்டுத் தமிழரிடம் முதலாவது இருந்தது, இரண்டாவதை வட்டக் கணக்கு விழுங்கிவிட்டது.

கேட்போரின் ஆயத்தமும் உணர்ச்சிப் பேச்சின் பலனை முடிவு செய்யும் என்பதை அக்காலத்தின் இரு உண்ணாநோன்புகள் உணர்த்துகின்றன. ஆந்திர மாநிலம் கோரிச் சென்னையில் நோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15இல் உயிர்நீத்தார். ஆந்திரத்தில் கலவரம் மூண்டது. சில நாட்களிலேயே பிரதமர் நேரு தனி மாநிலத்தை அறிவித்தார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுவது உள்ளிட்ட கோரிக்கைகளோடு விருதுநகரில் நோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13இல் உயிர்நீத்தார். பெயர் மாற்றம் 1969 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. இருவரின் ஈகமும் ஒன்றே. கேட்ட அவைகளே வேறு.

நிலைக்களன் வெட்டப்பட்ட உணர்ச்சி

எல்லைப் போராட்டத்தின் உணர்ச்சிக்கு நிலைக்களன் இருந்தது. அதைப் பற்றி வாதிட முடிந்தது. நிலைக்களனே இல்லாத உணர்ச்சி என்ன செய்யும் என்பதைத் தமிழகம் 2018இல் கண்டது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்துவிட்டது என்ற செய்தி வாட்ஸ்அப் வழியே பரவி, அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற முதிய பெண் ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகவே அடித்துக் கொல்லப்பட்டார். அந்நாட்களில் இந்தியாவெங்கும் சுற்றிய காணொளிகளுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படத்தின் துண்டு. பைக்கில் வந்தவர் குழந்தையைத் தூக்கிச் செல்வதும், பின்னர் திரும்பக் கொண்டுவந்து விட்டு, குழந்தையைக் கடத்துவது எவ்வளவு எளிது என்ற எச்சரிக்கையைக் காட்டுவதும் மூலப்படத்தில் இருந்தன. திரும்ப விடும் பகுதியை வெட்டிவிட்டு யாரோ பரப்பினர். அச்சம் அப்படியே எஞ்சியது. அதன் நிலைக்களன் வெட்டி எறியப்பட்டது. கள்வரை அச்சத்தின் நிலைக்களனாகத் தொல்காப்பியம் வைத்தது உண்மையே. ஆயின் அங்கே கள்வரே இல்லை. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி கட்டுப்பாடு விதித்தது. எண்ணிக்கையைக் குறைக்க நிறுவனத்தால் முடியும். நிலைக்களனைத் தேடும் பழக்கத்தை மக்களே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் இச்சிக்கலோடு நெடுநாள் போராடி வருகிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பெயரால் வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2017 ஜனவரி 2இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், வேட்பாளரின் அடையாளம் மட்டுமன்றி வாக்காளரின் அடையாளத்தை முன்னிறுத்தி வேண்டுவதும் இத்தடைக்குள் அடங்கும் எனத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட மூவரின் கருத்தோ, ஒரு சமூகம் தன் அடையாளத்தால் பட்ட இழிவையும் குறையையும் எடுத்துப் பேசுவது மக்களாட்சியின் உயிர்ப்பகுதி என்பதாகும். மொழியின் பெயரைச் சொல்லி மட்டும் வாக்குக் கேட்பதும், மொழி காரணமாக நேர்ந்த குறை ஒன்றைச் சுட்டித் தீர்வு கேட்பதும் வெவ்வேறு என்ற உணர்வு இரு தரப்பிலும் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. முன்னது நிலைக்களன் இன்றி எழுப்பும் உணர்ச்சி, பின்னது நிலைக்களனோடு எழுப்பும் உணர்ச்சி எனத் தொல்காப்பிய மொழியில் அதனைக் கூறலாம்.

எனவே, மேடையேறுவோர் உணர்ச்சியைத் துறக்க வேண்டியதில்லை. துறந்தால் முக்காலியில் அமர்த்தப்பட்டவரின் வழக்கு எந்த அவையிலும் செவி பெறாது. அவ்வுணர்ச்சி எதனால் எழுந்தது என்பதைப் பெயரும் இடமும் நாளும் சுட்டிச் சொல்வதும், கேட்போர் அதைச் சரிபார்க்க இடம் விடுவதும், கோவூர்கிழாரைப் போல முடிவை அவர்களிடமே ஒப்படைப்பதும் அவர்கள் கடமை. கேட்போருக்கும் கடமை உண்டு. காரோடு, பாறசாலை, களியக்காவிளைப் பகுதிகளில் ஒரே சந்தையில் தமிழும் மலையாளமும் கலந்து விலை பேசும் மக்களிடம், தேர்தல்தோறும் இரு மாநிலங்களிலிருந்தும் உணர்ச்சி விற்க வருவோர் உண்டு. அம்மக்கள் கண் கலங்குவதற்குத் தயங்க வேண்டாம், சினப்பதற்கும் தயங்க வேண்டாம்; எதன் பொருட்டு என்று பேசுபவரை அவையிலேயே கேட்டுவிட்டு அதன்பின் கலங்குக, சினக்குக. விடை கூற முடியாதவருக்குக் கைதட்டல் பெறும் தகுதியும் இல்லை, வாக்குப் பெறும் தகுதியும் இல்லை.